ஜாம் மரத்தடியில் நின்ற சிங்கப்பூர் அன்னாசி

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கைகளில் வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறீர்களோ தெரியாது. மிஞ்சியிருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைக்குள் செடி கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. கேட்டு வாங்கினால் தழைக்காது, களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்பார்கள். அதனால் எங்கள் அம்மாமார் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தேத்தண்ணீர் குடிக்கப் போய், திரும்பும்போது சீலைத் தலைப்புக்குள் ஒரு கொப்பை முறித்து வைத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரி கண்டாலும் காணாதமாதிரிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பா. அதுதான் மரியாதை. நட்ட பிறகு எங்கிருந்து எடுத்தது என்று கேட்கக்கூடாது. கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னால் வேர் அழுகிப்போகும்.

இப்படிக் கை மாறிக் கை மாறி வந்த செடிகளுக்குப் பேர் ஏது? ஒரு வீட்டில் கிண்ணிச்செடி என்பார்கள், அடுத்த வீட்டில் அதே செடி வெள்ளைக்காரி. மூன்றாம் வீட்டில் சும்மா "அது". எங்களுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

நானும் அம்மாவும் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். அப்பா நான் தவழும்போதே போய்விட்டார். அம்மா தையல் மெசின் வைத்திருந்தா. ஒழுங்கைப் பெண்களுக்குச் சட்டை தைப்பா. வீட்டுக்காரியை நான் மாமி என்று கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அவ அக்கா. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. செடிகள் இருந்தன.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றுக்கு மேலே குடைபிடித்தமாதிரி ஒரு ஜாம் மரம். அதன் பழம் விழுந்து காலில் ஒட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த இடத்தில் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும், தண்ணீருக்கு அடியில் இருந்து மேலே பார்க்கிறமாதிரி. இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு முதலில் அந்தப் பச்சைதான் வரும், பிறகுதான் ஆட்கள் வருவார்கள். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது கிணற்று வாளி தானாக ஆடும். உதட்டை நக்கினால் உப்பு.

அந்த மரத்தடியில், இரண்டு செங்கல்லுக்கு மேல், தனியாக ஒரு சட்டி. அதுதான் சிங்கப்பூர் அன்னாசி. மாமியின் அண்ணர் கப்பலில் வேலை செய்தவர், ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அன்னாசி என்று பேர்தான், பழம் வராது. இலைகள் அன்னாசியைப்போலச் சுற்றிவர அடுக்கி, நடுவில் ஒரு கிண்ணம்மாதிரிக் குழிந்து, அதற்குள் தண்ணீர் நிற்கும். இலை இரத்தச் சிவப்பாக வரும் என்று அண்ணர் சொல்லிவிட்டுப் போனவராம். மாமி பார்த்துக்கொண்டே இருந்தா. இரண்டு வருடமாக அது பச்சை. இலை நீண்டு நீண்டு சட்டிக்கு வெளியே தொங்கியது.

"இதுக்கு இன்னும் சிங்கப்பூர் நினைப்புப் போகேல்லை," என்பா மாமி. வெயில் பட்டால் கருகிப்போகும் என்று அந்தச் சட்டியை அந்த நிழலைவிட்டு நகர்த்த விடமாட்டா. காலையும் மாலையும் கிணற்றடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது அம்மாவின் பொறுப்பு.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதற்குப் பக்கத்தில் குந்திவிடுவேன். யாரோடும் கதைக்கத் தெரியாத பிள்ளை நான். வகுப்பில் பேர் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துவிடும். அந்தக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். உள்ளே ஒரு துண்டு வானம் இருக்கும், ஒரு வெள்ளை ஜாம் பூ மிதக்கும், சில நாட்களில் நகத்தளவு ஒரு தவளை. நான் மூச்சு விட்டால் வானம் நடுங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேர் மாஸ்ரர் வருவார். தெஹிவளையில் இருந்து பஸ்ஸில், குடையும் ஒரு சீலைப் பையுமாக. படிப்பித்து ஓய்ந்த மனிதர். ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் செடிகளுக்குச் சரியான பேர் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய சந்தோசம். பால்மா ரின்னை வெட்டி எடுத்த தகடு, ஒரு ஆணி, கொஞ்சம் கம்பி, இவ்வளவுதான் பைக்குள். ஆணியால் கீறி, கம்பியால் சட்டியில் கட்டிவிடுவார். வாய்க்குள் நுழையாத பேர்கள். மாமி அவற்றைத் தேவாரம்போலப் பாடமாக்குவா.

சிங்கப்பூர் அன்னாசிக்கு மட்டும் அவர் வெறும் தகட்டைக் கட்டியிருந்தார்.

"மாஸ்ரர், சும்மா ஒரு பேரை எழுதிவிடுங்கோவன்."

"பூக்கட்டும் அம்மா. இந்தக் குடும்பத்தில கணக்கில்லாத சாதி இருக்கு. ஒண்டைப் பார்த்தா ஒண்டு மாதிரி இருக்கும். இலையைப் பார்த்துப் பேர் சொன்னா அது பொய் சொன்ன மாதிரி."

"இது பூக்கிறதுக்குள்ள நான் பூவோடயும் பொட்டோடயும் போய்ச் சேர்ந்திடுவன்."

மாமியின் கணவர், எனக்கு மாமா, பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரிப்பார்.

முன்வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தா, ராத்தா என்று கூப்பிடுவோம். கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து அதிக நாள் இல்லை. அவவின் கணவருக்குப் புறக்கோட்டையில் புடவைக்கடை. என்னை "மகள்" என்று கூப்பிடுவா. பெருநாளுக்கு மட்டும் இல்லை, நினைத்த நாளெல்லாம் வட்டிலாப்பம் செய்து ஒரு சின்னக் கோப்பையில் எனக்கென்று எடுத்து வைப்பா. நான் கதைக்காமல் இருந்து சாப்பிடுவேன். அவவும் கதைக்கச் சொல்லிக் கேட்கமாட்டா. அவவின் வீட்டைச் சுற்றி ஒரு மரம் இல்லை. பின்பக்கம் முழுக்கச் சீமெந்து, கடல் பார்த்த மதில். வெயில் காலையில் ஏறினால் பொழுது கடலில் விழும்வரை இறங்காது.

புது ஆள் என்பதால் அவவுக்கு எங்கள் ஒழுங்கை வழக்கம் தெரியவில்லை. மாமியிடம் மூன்று தரம் வாய் திறந்து சிங்கப்பூர் அன்னாசியில் ஒரு குட்டி கேட்டுவிட்டா. "பிரிச்சா தாய் செத்துப்போம்," என்று மாமி மூன்று தரமும் சொல்லிவிட்டா.

"கேட்டது என்ட பிழைதான் மகள்," என்றா ராத்தா ஒருநாள், வட்டிலாப்பக் கோப்பையை என் கையில் தந்துகொண்டு. "களவெடுத்தாத்தான் தழைக்கும்னு இப்பதான் ஆக்கள் செல்றாங்க. ஒண்டும் செல்லாம எடுத்திருந்தா இந்நேரம் வேர் பிடிச்சீக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தா. எடு என்று சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

மறுநாள் மத்தியானம் மாமி படுத்திருந்தா. அம்மாவின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தாயின் அடியில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, என் உள்ளங்கை அளவு. திருகினேன். 'டக்' என்று கழன்றது. முறிந்த இடம் வெள்ளையாக இருந்தது. இலையின் ஓரத்தில் இருந்த சின்னப் பற்கள் என் மணிக்கட்டைக் கீறின. சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டினேன். ராத்தா வாசல் படலையில் நின்றா. என்னைக் கண்டா, சட்டைக்குள் இருப்பதையும் கண்டா. உடனே முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தா. வழக்கத்தைப் படித்துவிட்டா என்று எனக்குச் சந்தோசம். குட்டியைப் பின்மதிலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மாமி கேட்டுவிடுவாவோ என்று ராத்தா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. வட்டிலாப்பத்தையும் விட்டுவிட்டேன். மழை வந்தது, போனது. பட்டம் விடுகிற காற்று வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும்.

பூக்கண்காட்சி ஒன்று வரப்போகிறது என்று ஒழுங்கை முழுக்கக் கதை. நல்ல செடிகளைத் தெரிந்தெடுக்கப் பேர் மாஸ்ரர் வீடு வீடாகப் போனார். ராத்தா வீட்டுப் பின்பக்கம் போனவர் அங்கிருந்து சத்தம் போட்டார்.

"அம்மா! ஒருக்கா ஓடிவாங்கோ!"

மாமி ஓடினா. அளவு நாடா கழுத்தில் தொங்க அம்மாவும் போனா. நான் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மதிலில் ஒரு பெயின்ற் ரின். அதற்குள் ஒரு செடி. இலை குட்டையாக, அகலமாக, இறுகி, வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்திருந்தது. நடுக் கிண்ணத்தில் தண்ணீருக்குள்ளேயே பொடிப் பொடியாக ஊதா நிறப் பூ. வெயில் அதற்குள்ளால் போய் மதிலில் சிவப்பாக விழுந்தது. அப்படி ஒரு வடிவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இதெல்லோ உங்கட அண்ணர் சொன்ன சாதி!" என்றார் மாஸ்ரர்.

மாமி ராத்தாவைப் பார்த்தா. "எங்கால வந்தது பிள்ளை இது?"

ராத்தாவின் கண் என்னிடம் வந்து திரும்பிப் போனது. "அது வந்திச்சி மாமி. எங்கேருந்துன்னு செல்லக்கூடாதே."

எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டா, பாவம். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் போய், கிணற்றடியில் இருந்து பச்சைச் சட்டியைப் பிள்ளையைத் தூக்குகிறமாதிரித் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தா. தொங்குகிற பச்சை ஒன்று, இறுகிய சிவப்பு ஒன்று. மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார், இலையை அளந்தார், ஓரத்தைத் தடவினார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தோம்.

"ரெண்டும் ரெண்டு சாதி அம்மா. சந்தேகமில்லை."

பச்சை இன்னும் பூக்கவில்லை. பூக்காமல் சொல்லக்கூடாது என்றவர் அவர்தான். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு எப்படி வாய் வரும்? அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. மாமியின் சட்டியில் கிடந்த வெறும் தகட்டைக் கழற்றி, ஆணியால் ஒரு பேரைக் கீறி, சிவப்புச் செடியில் கட்டினார்.

மாமி அம்மாவின் பக்கம் திரும்பினா. "அப்ப என்ர செடியை எடுத்துப்போட்டு எனக்கு இந்தப் பச்சையை ஆர் நட்டு வைச்சது? கிணத்தடிக்கு வாறது நீரும் நானும்தானே."

அம்மா ஒன்றும் விளங்காமல் நின்றா. அப்போதுதான் என் தொண்டை திறந்தது. எப்படித் திறந்தது என்று இன்றுவரை தெரியாது.

"நான்தான் மாமி. நான் ஒரு குட்டி மட்டும்தான் பிச்சனான். அது இதின்ர குட்டி."

"ஓம் மாமி, சின்னக் குட்டிதான் வந்திச்சி, இத்துணூண்டு," என்றா ராத்தாவும். அந்த நேரத்தில் வழக்கத்தை உடைத்து என்ன பயன்?

"உம்மட மதிலில இருக்கேக்க நீர் வேற என்னத்தைச் சொல்லுவீர்?" என்றா மாமி.

மாஸ்ரர் என் தலையைத் தடவினார். "இல்லைப் பிள்ளை. இதின்ர குட்டியெண்டா இதைப்போலத்தான் வரும். ஆடு மாட்டுக்கண்டு போடுமோ?" கோபம் இல்லாமல், இரக்கத்தோடுதான் சொன்னார்.

"தாயைப்போலப் பிள்ளை, நூலைப்போலச் சீலை," என்றா மாமி. "பொய் சொல்லவும் பழக்கி வைச்சிருக்கிறீர்."

அம்மா என்னைக் குனிந்து பார்த்தா. வெகுநேரம் பார்த்தமாதிரி இருந்தது. பிறகு என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டா.

"பிள்ளையைப் பேசாதேங்கோ அக்கா. சட்டி மாத்தினது நான்தான்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னா. நான் நம்பிவிட்டேன். நான் வைத்த குட்டி பட்டுப்போயிருக்கும், ராத்தா கவலைப்படுவா என்று அம்மா தாய்ச்செடியையே எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்கேயோ இருந்து ஒரு பச்சையைக் கொண்டுவந்து நட்டிருக்கிறா. படித்த மனிதர் இரண்டும் வேறு என்கிறார். அம்மாவும் ஓம் என்கிறா. பத்து வயதில் என் கை திருகினதை நானே எப்படி நம்புவது?

ராத்தா அழுதுகொண்டே சிவப்புச் செடியை மாமியின் கையில் கொடுத்தா. மாமியும் அழுதா. அவ பொல்லாத மனுசி இல்லை. மாதம் முடிய முன்னம் அறையை விட்டுத்தரச் சொன்னா, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல் அறை கிடைத்தது. மெசினையும் எங்களையும் ஒரு சின்ன லொறி கொண்டுபோய் இறக்கியது. அங்கே கடல் தெரியாது, துறைமுகத்து எண்ணெய் மணம் மட்டும் வரும். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றை ஒன்று துரத்தும். நடு வருடத்தில் பள்ளிக்கூடம் பார்ப்பது கஷ்டம், பிறகு பார்ப்போம் என்றா அம்மா. பிறகு நான் பட்டன் தைக்கப் பழகிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு அப்படித்தான் நின்றது.

அம்மா பிறகு ஒரு செடியும் வளர்க்கவில்லை. அந்தக் கதையையும் நாங்கள் எடுக்கவில்லை. என் அம்மா எனக்காக மானம் இழந்தா என்று நான் நினைக்கவில்லை. அம்மா ஒரு பிழை செய்தா, அதை நான் கேட்டு நோகடிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். என் கலியாணத்துக்குப் பிறகும், பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அப்படியே இருந்தேன்.

இப்போது தெஹிவளையில் மகளின் பிளாட்டில் இருக்கிறோம், நானும் அம்மாவும். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண்ணில் ஒப்பரேசன் செய்த பிறகு பார்வை நன்றாக இருக்கிறது. ஒருநாள் காலி வீதி ஓரத்தில் செடி விற்கிறவனிடம் அந்தச் சாதிச் செடி ஒன்றைக் கண்டேன். பேர் கேட்டேன். "அன்னாசி மல் தமய் அம்மே," என்றான், பூ அன்னாசிதான் என்று. வாங்கிவந்துவிட்டேன். பேத்தி போனைக் காட்டிப் பேர் பார்த்தாள். நேரே பிடித்தால் ஒரு பேர், பக்கவாட்டில் பிடித்தால் இன்னொரு பேர், லைற்றைப் போட்டால் மூன்றாவது.

"அம்மம்மா, போனுக்கும் தெரியேல்லை, ஆனா தெரியாதெண்டு சொல்லுதில்லை!" என்று சிரித்தாள்.

அது இரண்டு குட்டி போட்டது. திருகி எடுத்து ஒன்றைக் குளியலறை யன்னலில் வைத்தேன், இடம் இல்லாததால் மற்றதைக் கடல் பக்கத்துப் பல்கனியில் வைத்தேன். வீட்டு வேலையில் மறந்தும் போனேன். போன மாதம் டெங்கு நுளம்பு பார்க்கிற ஆட்கள் வந்து, தண்ணீர் நிற்கிற செடிகளையெல்லாம் கவிழ்க்கச் சொன்னார்கள். இரண்டு சட்டிகளையும் குசினி மேசைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஒன்று நீண்டு தொங்குகிற பச்சை. மற்றது குட்டையாக, இறுகி, வெற்றிலை வாய்ச் சிவப்பு.

கதிரையை இழுக்கவும் தோன்றாமல் நிலத்தில் இருந்துவிட்டேன். வந்த ஆட்கள் பயந்து, "அம்மாட அசனீபத?" என்று கேட்டார்கள், சுகமில்லையா என்று. ஒரு தாயின் வயிற்றில் இருந்து இரண்டையும் திருகி எடுத்தது இந்தக் கைதான். வெயில் மட்டும்தான் வித்தியாசம். மாமி தூக்கிக்கொண்டு போன சிவப்பு அந்த ஜாம் மரத்தடியில் எத்தனை நாளில் பச்சையாகியிருக்கும்? அன்றைக்கு மாமி யார்மேல் சந்தேகப்பட்டிருப்பா? பின்னறையில்தான் ஒருவரும் இல்லையே.

அம்மா மாற்றவில்லை. மாற்றாத சட்டியை மாற்றினேன் என்று எதற்குச் சொன்னா?

இரண்டு சட்டிகளையும் அம்மாவின் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். "அம்மா, இஞ்ச பாருங்கோ. ரெண்டும் ஒரு தாயின்ர குட்டி. வெயிலில வைச்சது சிவந்திட்டுது, நிழலில வைச்சது பச்சை. அண்டைக்கு வெள்ளவத்தையில ஒருத்தரும் ஒண்டையும் மாத்தேல்லை. நீங்களும் மாத்தேல்லை, நானும் மாத்தேல்லை."

அம்மா எழுந்து இருந்தா. ஒரு விரலால் பச்சையைத் தொட்டா, பிறகு சிவப்பைத் தொட்டா. தையல்காரியின் விரல் அது, துணியின் நூலைத் தொட்டே சொல்லும்.

"ரெண்டும் வேற," என்றா.

"வேற இல்லையம்மா. நான்தானே பிரிச்சு வைச்சனான்."

"எனக்குக் கண் தெரியும். அந்த மனுசன் படிச்ச மனுசன், பார்த்துத்தானே சொன்னவர்." கதவுப் பக்கம் பார்த்தா. பேத்தி இல்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினா. "நீ சட்டியை மாத்தினது எனக்கு அண்டைக்கே விளங்கினது. பயத்தில பாதியைச் சொன்னனி. நான் இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இனியும் சொல்லமாட்டன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அறையையும், ஒழுங்கையையும், நல்ல பேரையும் கொடுத்து அவ வாங்கி வைத்திருந்தது என்னை. அதையெல்லாம் வீணாகக் கொடுத்தா என்று இந்த வயதில் அவவுக்கு எப்படிச் சொல்வது?

"ஓம் அம்மா," என்றேன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா.

"பயப்பிடாதை," என்றா.